ஒக்டேன் எண்ணும் ஈயமும்: பந்தய எரிபொருளைத் தெரிதல் பற்றிச் சில குறிப்புகள்

பேராதனையில் எம்முடன் ஒருகாலத்திற் பயின்று, இன்று ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் மோட்டார் வாகனத் திருத்தகம் ஒன்றிற் பணியாற்றும் நண்பர் ஒருவரிடமிருந்து சில மாதங்களுக்கு முன்னர் எமக்கு ஒரு கடிதம் வந்தது. தொழினுட்பம் வர்க்க நலன்களுக்கு அப்பாற்பட்டதா என்னும் பழைய வாதத்தை விடுதிக் காலம் தொட்டே அவருடன் நாம் நடத்தி வந்துள்ளோம். இக்கடிதமும் அதன் தொடர்ச்சியே. யப்பானில் 1990ஆம் ஆண்டு உற்பத்தியான நிசான் ஸ்கைலைன் ஜீ.ரி.ஆர். கார் ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். (அந்நாட்டு நியமங்களுக்கு அமையாத வாகனங்கள் 25 ஆண்டு நிறைந்த பின்னரே தடையின்றி இறக்குமதியாகலாம், எனவே 1989இல் வெளிவந்த இம்மாதிரி 2014 முதலே அங்கு வரத் தொடங்கிற்று.) அதன் இரு டர்போக்களையும் மாற்றி, மில்வில் நகரிலுள்ள பந்தயத் தடத்திலே ஓய்வு நாள்களில் ஓட்டுகிறார். பந்தய எரிபொருள் விற்கும் நிறுவனம் ஒன்றின் விலைப்பட்டியலையும் கடிதத்துடன் இணைத்திருந்தார். 100 தொடங்கி 118 வரை எண் பொறித்த பீப்பாய்கள். அவற்றுட் சில ஈயமற்றவை, சில ஈயம் கலந்தவை, சில எதனோல் கலந்தவை. கடிதத்தின் இறுதியில் ஒரு குறும்பு: "உங்கள் அரசியற் பொருளாதாரம் இவற்றுள் எதை வாங்கச் சொல்லும்?"

நாம் எழுதி அனுப்பிய விடையின் விரிவே இக்கட்டுரை. இலக்கிய ஆய்வாளர்க்கு இது புறம்பான துறை என்பதை அறிவோம். பொறியியற் பீடத்து நண்பர் இருவர் கையெழுத்துப் படியைப் பார்த்துத் திருத்தங்கள் கூறினர். எஞ்சிய பிழைகள் எம்முடையவை.

முதலில், பரவலான ஒரு மயக்கத்தைக் களைந்துகொள்ளுதல் தகும். எமது எரிபொருள் நிரப்பு நிலையங்களில் 92, 95 என இரு பெற்றோல் வகைகள் விற்கப்படுகின்றன. இரண்டாவது விலை கூடியது. ஆதலால் அது ‘வலு’ கூடியது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. ஒக்டேன் எண் எரிபொருளிலுள்ள சக்தியின் அளவன்று. வெப்பத்தையும் அமுக்கத்தையும் தாங்கி, தீப்பொறி வரும்வரை தானாகத் தீப்பற்றாதிருக்கும் பொறுமையின் அளவே அது. சாதாரண எஞ்சின் ஒன்றுக்கு 92 போதுமென்றால், அதற்கு 118 ஐ ஊற்றுவதால் இலாபமடைபவர் விற்பவர் மட்டுமே.

பொறுமை எதற்கு வேண்டப்படுகிறது? எஞ்சினின் உருளைக்குள் பெற்றோலும் வளியும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகின்றது. பிளக்கிலிருந்து பொறி எழ, தீ அவ்விடத்திலிருந்து சீராகப் பரவிச் செல்கின்றது. அத்தீ இன்னும் சென்றடையாத மூலையிலே எஞ்சிய கலவை, எரிந்த வாயுவின் விரிவினால் மேலும் அமுக்கப்பட்டு மேலும் சூடேறுகின்றது. தீ வந்து சேருமுன் அது தானாகவே வெடித்தெரியுமாயின் உருளைக்குள் அமுக்க அலைகள் மோதுகின்றன. வெளியே உலோகத்தைச் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். திருத்தகங்களில் இதனை ‘நொக்கிங்’ என்பர். நாம் தட்டல் என்போம். மென்மையான தட்டலை எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். கடுமையான தட்டலோ உலோகத்தைக் காத்துநிற்கும் மெல்லிய வாயுப் படையைக் கலைத்துவிட, பிஸ்டனின் தலை உருகித் துளைபடுகின்றது. வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடைகின்றது. சில வினாடிகளே போதும்.

டர்போ இவ்வபாயத்தைப் பன்மடங்காக்குகின்றது. வெளியேறும் கழிவாயுவின் விசையாற் சுழலும் சக்கரம் ஒன்று, மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தைச் சுழற்றி, வளியை அமுக்கி எஞ்சினுள்ளே தள்ளுகின்றது. வளி இருமடங்கானால் எரிக்கக்கூடிய பெற்றோலும் இருமடங்காகும். வேலையும் ஏறத்தாழ இருமடங்காகும். ஆனால் அமுக்கப்பட்ட வளி சூடேறும். இன்டர்கூலர் அச்சூட்டிற் பெரும்பகுதியைத் தணித்தாலும், ஏற்கெனவே அமுக்கப்பட்ட வளியே உருளைக்குள் மீண்டும் அமுக்கப்படுகின்றது. நண்பரின் காரில் உள்ளது 2,568 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் கொண்ட எஞ்சின். அதன் அமுக்க விகிதம் 8.5. உற்பத்தியாளர் அறிவித்த வலு 280 குதிரை. (யப்பானியக் கம்பனிகள் தமக்குள் செய்துகொண்ட இணக்கத்தின்படி 2004 வரை எந்தக் காருக்கும் அதற்கு மேல் அறிவிப்பதில்லை. எஞ்சின்கள் அவ்விணக்கத்தை எப்போதும் மதித்தனவல்ல.) நண்பர் தமது எஞ்சினுள் வளிமண்டல அமுக்கத்தைப் போல 2.4 மடங்கு அமுக்கத்திலே வளியைச் செலுத்த விரும்புகின்றார். எரிபொருட் பிரச்சினை இங்குதான் பிறக்கின்றது.

இனி அந்த எண்ணின் பிறப்பை நோக்குவோம். 1926ஆம் ஆண்டு எதைல் கூட்டுத்தாபனத்தின் வேதியியலாளரான கிரஹாம் எட்கார் இரு தூய திரவங்களைத் தெரிந்தெடுத்தார். எளிதிலே தட்டும் ஹெப்டேனுக்குச் சூனியம். தட்டலை நன்கு எதிர்க்கும் ஐசோ-ஒக்டேனுக்கு 100. ஓர் எரிபொருள் இவ்விரண்டின் எந்தக் கலவையைப் போலத் தட்டுகின்றதோ, அக்கலவையிலுள்ள ஐசோ-ஒக்டேனின் சதவீதமே அதன் எண். அளவைக்கு வேண்டிய தூய ஹெப்டேன் கலிபோர்னியாவின் ஒருவகைப் பைன் மரத்துப் பாலிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. தட்டலுக்கெதிரான மருந்தை விற்ற நிறுவனமே தட்டலை அளக்கும் கோலையும் செய்தளித்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. கோல் பொய்யானது என்று நாம் கூறவில்லை. அது இன்றுவரை பயன்படும் நேர்மையான கோலே. ஆயினும் எதை அளப்பது, எதை அளவாது விடுவது என்பதை யார் தீர்மானித்தனர் என்னும் வினாவைப் பின்னர் எழுப்புவோம்.

அந்த ஒரே கோலும் இரு விதமாகப் பிடிக்கப்படுகின்றது. ஆய்வு முறையில், சோதனை எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றுகளில் ஓடுகின்றது. மோட்டார் முறையில் 900 சுற்றுகள். கலவை 149 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்படுகின்றது. இரண்டாவது கடினமான சோதனை. சாதாரண பெற்றோல் அதிலே எட்டுப் பத்துப் புள்ளிகள் குறைவாகவே பெறும். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் முதலாவது எண்ணைப் பலகையில் எழுதுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் இரண்டினதும் சராசரியை எழுதுகின்றனர். ஆகவே நண்பர் தமது ஊரிலே வாங்கும் 93, எமது கணக்கில் ஏறத்தாழ 98. பந்தயப் பீப்பாய்களின் மீதோ எந்த எண் பெரிதாகத் தோன்றுமோ அந்த எண்ணே பெரிதாக அச்சிடப்படுகின்றது. விலைப்பட்டியலைப் படிப்பவர் முதலில் செய்யவேண்டியது, எல்லா எண்களையும் ஒரே முறைக்கு மாற்றி எழுதிக்கொள்வதாகும். நண்பர் இதனைச் செய்தபோது, 118க்கும் 109க்கும் இடையிலே தாம் கற்பனை செய்திருந்த தூரம் வெகுவாகச் சுருங்கிற்று.

இவற்றுள் எவ்வெண் டர்போ எஞ்சினுக்குப் பொருந்தும்? கௌதம் கல்கத்கி முதலிய ஆய்வாளர் காட்டியதன்படி, நன்கு குளிரூட்டப்பட்ட வளியை உயர் அமுக்கத்திற் பெறும் எஞ்சின்களில் ஆய்வு முறை எண் உயர்ந்தும் மோட்டார் முறை எண் அதனிலும் நன்கு தாழ்ந்தும் உள்ள எரிபொருளே சிறப்பாகத் தாங்குகின்றது. இரு எண்களுக்கும் உள்ள இடைவெளி அங்கு குறையன்று, நன்மை. பழைய பந்தய நூல்கள் இதற்கு மாறாகக் கூறும். அவை வேறு எஞ்சின்களைக் கண்டு எழுதப்பட்டவை.

ஒக்டேன் எண்ணை உயர்த்தும் வழிகள் பல. சுத்திகரிப்பு நிலையத்திலே கிளைத்த மூலக்கூறுகளைக் கட்டியமைப்பது ஒன்று. வளைய அமைப்புள்ள சேர்வைகளை, சிறப்பாகத் தொலுயீனை, சேர்ப்பது இன்னொன்று. மதுசாரங்களைச் சேர்ப்பது மூன்றாவது. ஈயத்தைச் சேர்ப்பது நான்காவது.

தொலுயீன் எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதற்கு 1988ஆம் ஆண்டின் போர்முலா வண் பந்தயங்களே சிறந்த சான்று. 1977இல் சில்வர்ஸ்ரன் தடத்திலே ரெனோல்ட் கம்பனியின் 1.5 லீற்றர் டர்போ கார் முதன்முதலில் ஓடியபோது பலர் நகைத்தனர். 1983இல் நெல்சன் பிக்கே பீ.எம்.டபிள்யூ. டர்போவின் துணையுடன் உலக வாகையர் ஆனார். வலு கட்டுக்கடங்காது ஏறவே, ஆட்சிக்குழு எரிபொருளின் அளவைக் குறைத்தது. பின்னர் டர்போவின் அமுக்கத்தையும் குறைத்தது. 1988க்குரிய விதி: வளிமண்டல அமுக்கத்தின் 2.5 மடங்குக்கு மேற் செல்லலாகாது. ஒரு பந்தயத்துக்கு 150 லீற்றருக்கு மேல் எரிக்கலாகாது. ஆய்வு முறை ஒக்டேன் எண் 102க்கு மேற்படலாகாது. இவ்விதிகளுக்குள் ஹொண்டா நிறுவனம் ஏறத்தாழ 680 குதிரைவலுவைப் பெற்றது. அந்த எஞ்சினைப் பொருத்திய மக்லாரன் கார்கள் 16 பந்தயங்களில் 15ஐ வென்றன. அவற்றின் எரிபொருளில் 84 சதவீதம் தொலுயீன். 16 சதவீதம் ஹெப்டேன்.

இக்கலவையைச் சற்று நின்று நோக்குதல் நன்று. எட்காரின் அளவையிலே சூனியம் பெற்ற அதே ஹெப்டேனை வேண்டுமென்றே சேர்ப்பானேன்? தொலுயீனின் எண் தனித்து நின்றால் விதியை மீறும் என்பதாலேயே. எண்ணைக் கீழிறக்கிச் சட்டத்துக்குள் அடக்கினர். அவர்கள் நாடியது எண்ணை அன்று. விதி எரிபொருளை லீற்றர் கணக்கில் அளந்தது. தொலுயீனோ பெற்றோலை விட அடர்த்தி கூடியது. ஒரு லீற்றருள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடுதலான சக்தியை அது அடக்கியிருந்தது. எளிதில் ஆவியாகாத அத்திரவத்தைச் சூடாக்கியே எஞ்சினுக்குச் செலுத்தவேண்டியிருந்தது என்பது அதன் மறுபக்கம். எரிபொருளைத் தெரிதல் என்பது உயர்ந்த எண்ணைத் தேடுவதன்று, கட்டுப்பாடுகளின் தொகுதி ஒன்றுக்குப் பொருத்தமானதைத் தேடுவதே என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

நண்பர் விரும்பும் 2.4 மடங்கு அமுக்கம் அன்றைய பந்தயக் காரின் 2.5 மடங்குக்கு மிக அண்மையிலுள்ளது. அக்கார் 102உடன் ஓடிற்று. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது எஞ்சிய கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ள அவகாசம் குறைவு. நிமிடத்துக்கு 12,000க்கு மேற் சுழன்ற அந்த எஞ்சினுக்கு இச்சலுகை இருந்தது, நண்பரின் எஞ்சினுக்கு இல்லை. அதனையும் கழித்துப் பார்த்தாலும், அவருக்கு வேண்டியது தமது ஊர்ப் பெற்றோலின் 98க்கு மேல் சில புள்ளிகளே.

அப்புள்ளிகளை மதுசாரம் தரும். எதனோலின் ஆய்வு முறை எண் ஏறத்தாழ 108. அதனிலும் முக்கியமானது அதன் மறைவெப்பம்: ஆவியாகும்போது கிலோகிராம் ஒன்றுக்குப் பெற்றோலைப் போல இருமடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுற்றத்திலிருந்து உறிஞ்சி, உள்ளே வரும் வளியைக் குளிர்விக்கின்றது. எதனோலில் சக்தி குறைவு என்பர். நிறைப்படி பார்த்தால் உண்மையே. பெற்றோல் கிலோகிராமுக்கு 43 மெகாயூல் தர, எதனோல் 27 அளவிலேயே தருகின்றது. ஆனால் டர்போ எஞ்சினில் அருமையானது எரிபொருளன்று, வளியே. ஒரு கிலோகிராம் பெற்றோலை எரிக்க 14.7 கிலோகிராம் வளி வேண்டும். எதனோலுக்கு 9 போதும். ஆகவே ஒரே அளவு வளிக்கு இரண்டும் ஏறத்தாழச் சமமான வெப்பத்தையே தருகின்றன. விலை யாதெனில், மூன்றிலொரு பங்குக்கு மேல் கூடுதலான திரவத்தைச் செலுத்தவேண்டும் என்பதே: பெரிய பம்பு, பெரிய இன்ஜெக்டர், மதுசாரத்தைத் தாங்கும் குழாய்கள். கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. ஐக்கிய அமெரிக்க நிலையங்களில் ‘ஈ-85’ என விற்கப்படுவது எப்போதும் 85 சதவீத எதனோலன்று. குளிர்காலத்தில் எஞ்சின் இலகுவாகப் பற்றுவதற்காக அது 51 சதவீதம் வரை இறங்க அங்குள்ள நியமம் இடமளிக்கின்றது. கோடையிலே இசைவாக்கிய எஞ்சினை அதே பெயரை நம்பி மாரியில் ஓட்டுபவர் பிஸ்டனை இழப்பார். எதனோலின் சதவீதத்தை அளக்கும் உணரி ஒன்றைப் பொருத்துதல் ஆடம்பரமன்று.

மெதனோல் இதனிலும் குளிர்ச்சி தருவது. ஆயினும் அலுமினியத்தை அரிப்பது, அருந்தினாற் கண்ணைப் பறிப்பது, பகலிற் புலப்படாத சுடருடன் எரிவது. 1964ஆம் ஆண்டு இன்டியானாபொலிஸ் பந்தயத்தில் பெற்றோல் தீயில் இருவர் மாண்ட பின்னர் அங்கு மெதனோல் வழக்காயிற்று. 1981இல் அதே தடத்தில் கண்ணுக்குத் தெரியாத தீயிலே சாரதி ரிக் மியர்சும் அவரது பணியாளரும் எரிகாயமுற்றனர். 2007இல் எதனோல் அதன் இடத்தைப் பிடித்தது. தனியொருவர் திருத்தகத்தில் வைத்துப் புழங்கவேண்டிய திரவம் மெதனோல் அன்று என்பதே எமது கருத்து.

எஞ்சியது ஈயம். விலைப்பட்டியலில் மிக உயர்ந்த எண்களைத் தாங்கியவை ஈயம் கலந்த பீப்பாய்களே. இதனைச் சற்று விரிவாகப் பேசவேண்டியுள்ளது.

1921ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள், ஒகாயோ மாநிலத்துத் தேற்றன் நகரில், ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய தோமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எதைல் ஈயம் மிகச் சிறிய அளவிலேயே தட்டலை அடக்குவதைக் கண்டார். மதுசாரமும் தட்டலை அடக்கும் என்பது அவருக்கும் அவரது தலைவர் சாள்ஸ் கெற்றறிங்குக்கும் முன்னரே தெரிந்திருந்தது. ஆனால் மதுசாரத்தை எந்த உழவரும் வடிக்கலாம். அதற்கு ஆக்கவுரிமை பெற இயலாது. எதைல் ஈயத்தின் பயன்பாட்டுக்கு ஆக்கவுரிமை பெறலாம். விற்கப்படும் ஒவ்வொரு கலன் பெற்றோலிலும் பங்கு கேட்கலாம். ஈயம் மலிவானது, சிறு துளியே போதுமானது என்னும் தொழினுட்ப நியாயங்கள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. எனினும் ஒரே பயன்பாட்டுப் பெறுமதியைத் தரக்கூடிய இரு பொருள்களுள் எது பண்டமாக வேண்டும் என்பதைப் பரிவர்த்தனையின் தர்க்கமே தீர்மானித்தது என்பதற்கு இதனை ஒரு பாடநூல் உதாரணமாகக் கொள்ளலாம்.

1923 பெப்ரவரியில் விற்பனை தொடங்கிற்று. விற்பனைப் பெயர் ‘எதைல்’. இலக்கிய மாணவர் என்ற முறையில் இப்பெயரில் எமக்கு ஓர் ஈடுபாடு உண்டு. ‘டெட்ரா எதைல் ஈயம்’ என்னும் தொடரில் உயிர்நிலையான சொல் கடைசிச் சொல், அதுவே நீக்கப்பட்டது. எஞ்சிய ஒலி ஆங்கில வழக்கில் ஓர் இளம்பெண்ணின் பெயரை நினைவூட்டுவது. பெயரடை மட்டும் நின்று பெயர் மறைந்த இத்தொடரை எந்த இலக்கணமும் வழு என்றே கொள்ளும். அதே ஆண்டு மே மாதத்து இன்டியானாபொலிஸ் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பெற்ற கார்களும் எதைல் கலந்த பெற்றோலில் ஓடியவை. புதிய பண்டத்துக்கு அதனைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை. ஈயத்தின் வரலாறு பந்தயத் தடத்திலிருந்து தெருவுக்கு இறங்கிய வரலாறு.

1924 ஓகஸ்டில் ஜெனரல் மோட்டர்சும் நியூ ஜேர்சி ஸ்டாண்டர்ட் ஒயிலும் இணைந்து எதைல் கூட்டுத்தாபனத்தை நிறுவின. அதே ஆண்டு ஒக்டோபரில் நியூ ஜேர்சியிலுள்ள பேவே சுத்திகரிப்பு நிலையத்தில், எதைல் ஈயம் தயாரித்த கட்டடத்திற் பணியாற்றிய தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராகச் சித்தப்பிரமை கொண்டனர். ஐவர் இறந்தனர். முப்பதுக்கு மேற்பட்டோர் நஞ்சேறி நோயுற்றனர். அம்மாநிலத்தின் தெற்கே டீப்வாட்டரில் இருந்த டூப்பொன் தொழிற்சாலையிலும் சாவுகள் நேர்ந்தன. காற்றிலே இல்லாத பூச்சிகளைக் கைகளால் ஓட்டிக்கொண்டிருந்த சக தொழிலாளரைக் கண்டவர்கள் அக்கட்டடத்துக்கு வண்ணத்துப்பூச்சி வீடு என்று பெயரிட்டிருந்தனர். கம்பனி மறைத்த சொல்லைத் தொழிலாளரின் இப்பெயர் வெளியே கொணர்ந்தது என்போம். ஒக்டோபர் 30ஆம் நாள் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன்னிலையில் அத்திரவத்திலே கைகழுவி, அதன் ஆவியை முகர்ந்து காட்டினார். முந்திய ஆண்டின் தொடக்கத்தில் ஈய நஞ்சினால் தாமே நோயுற்று ஓய்வெடுத்தவர் அவர்.

1925 மே மாதம் வோஷிங்டனில் மாநாடு கூடிற்று. யேல் பல்கலைக்கழகத்தின் யன்டெல் ஹென்டர்சனும் ஹாவார்டின் அலிஸ் ஹமில்டனும் நாடு முழுவதன் தெருக்களிலும் ஈயம் படியப்போவதை எச்சரித்தனர். நிறுவனத்தரப்பு, கெடுதி மெய்ப்பிக்கப்படும்வரை தடை கூடாது என வாதிட்டது. 1926இல் விற்பனை மீண்டும் தொடங்கிற்று. அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், பெற்றோல் ஈயம் பற்றிய மருத்துவ அறிவின் பெரும்பகுதியை, எதைல் கூட்டுத்தாபனத்தின் மருத்துவ ஆலோசகராகவும் இருந்த ரொபேட் கீஹோவின் சின்சினாட்டி ஆய்வுகூடமே உற்பத்தி செய்தது. செலவை ஏற்றது அத்தொழில். புவியின் வயதைக் கணித்த கிளெயர் பற்றேசன், 1965இல், மனித உடலிலே ‘இயல்பானது’ எனக் கொள்ளப்பட்ட ஈய அளவு இயற்கையானதன்று, தொழில் உலகம் படியவைத்ததே என்று எழுதும்வரை அவ்வறிவு பெரிதும் அசைக்கப்படவில்லை. எட்காரின் கோல் தட்டலை அளந்தது. குழந்தையின் இரத்தத்தை அளக்கும் கோலை எவரும் அந்நிறுவனத்திடம் கேட்டுப் பெறவில்லை.

நேர்மை கருதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோவியத் ஒன்றியத்திலும் ஈயம் கலந்த பெற்றோல் பரவலாகப் பயன்பட்டது. ஆக்கவுரிமை முதலாளி இல்லாத இடத்திலும் உற்பத்தி இலக்கின் அவசரம் அதே வேலையைச் செய்தது. இதனை மறைத்து எழுதும் விமர்சனம் விமர்சனமன்று.

பிற்பகுதி விரைவிற் கூறத்தக்கது. ஐக்கிய அமெரிக்காவில் 1996 முதல் தெரு வாகனங்களுக்கு ஈயப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. இலங்கையில் அது 2002இல் நீங்கிற்று. இங்கிலாந்தின் எல்ஸ்மியர் துறையில் எதைல் ஈயம் தயாரித்து வந்த இனோஸ்பெக் நிறுவனம், இந்தோனேசியா, ஈராக் ஆகிய நாடுகளின் அதிகாரிகளுக்கு இலஞ்சம் கொடுத்ததை 2010இல் நீதிமன்றங்களில் ஒப்புக்கொண்டது. செல்வ நாடுகள் துறந்த நஞ்சுக்கு வறிய நாடுகளில் சந்தையை நீடிக்கச் செய்வதே அதன் நோக்கம். தெரு வாகனங்களுக்கான கடைசி விற்பனை 2021இல் அல்ஜீரியாவில் முடிவுற்றது.

ஆனால் பந்தய வாகனங்களுக்கு அமெரிக்கச் சட்டம் விலக்களித்திருந்தது. நண்பரின் பட்டியலில் ஈயப் பீப்பாய்கள் இன்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே. தடத்தில் எரியும் சிறிதளவு ஈயம் யாரை என்ன செய்துவிடும் என்பது வழக்கமான வினா. விடை கிடைத்திருக்கிறது. நாஸ்கார் பந்தயங்கள் 2007ஆம் ஆண்டுப் பருவத்தில் ஈயமற்ற எரிபொருளுக்கு மாறின. அம்மாற்றத்தை ஓர் இயற்கைச் சோதனையாகக் கொண்டு அலெக்ஸ் ஹொலிங்ஸ்வேர்த், ஐவன் ரூடிக் ஆகிய இரு பொருளியலாளர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஈய எரிபொருள் பயன்பட்ட காலத்தில் தடங்களை அண்டிய பிரதேசங்களில் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயமும் முதியோரின் இறப்பும் உயர்ந்திருந்தன என்றும், மாற்றத்தின் பின்னர் அவை குறைந்தன என்றும் காட்டுகின்றது. கார்களின் வேகம் அதனாற் குறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

எனவே நண்பருக்கு நாம் எழுதியவை இவை. எண்ணை வாங்குமுன் வெப்பத்தைக் குறைக்குக: பெரிய இன்டர்கூலர், குளிர்ந்த வகைப் பிளக், சற்றுத் தாமதித்த பொறி ஆகியவை பீப்பாய்களை விட மலிவானவை. ஓர் எரிபொருளைத் தெரிந்துகொண்ட பின், எஞ்சினை இயக்கும் கணினியை அதற்கே இசைவாக்குக. பொறியின் நேரத்தையும் கலவையையும் மாற்றாது எரிபொருளை மட்டும் மாற்றினால் பயன் இராது, எதனோலாயின் எஞ்சினே கெடும். தட்டலைக் கேட்கும் உணரியின் பதிவுகளை ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் பார்க்குக. தெருவிலும் ஓடும் காருக்கு ஈயம் சட்டவிரோதம். அதற்கு மேல், ஒட்சிசன் உணரியையும் கழிவாயுவைத் தூய்மையாக்கும் ஊக்கியையும் அது சில நாள்களிற் கெடுத்துவிடும். அமெரிக்கக் கணக்கிலே 100 எண் பெற்ற ஈயமற்ற பீப்பாய், அல்லது 93 பெற்றோலுடன் ஈ-85ஐக் கலந்து எதனோலை 30 சதவீதமளவிற் பேணிய கலவை: இவ்விரண்டில் ஒன்று அவரது 2.4 மடங்குக்குப் போதுமானது. இரண்டாவது மலிவு, முதலாவது ஒவ்வொரு முறையும் ஒரே தரமானது. 116, 118 என்பன அவரது எஞ்சின் கேளாத விடைகள். தொலுயீனைத் தாமே வாங்கிக் கலக்கும் வழக்கமும் அங்குண்டு; அதன் ஆவி நரம்பைத் தாக்கும் என்பதால் மூடிய திருத்தகத்தில் அது வேண்டாம் என்றோம்.

அவருடைய மறுமொழி வந்துவிட்டது. லின்டன் ஊருக்கருகே நெடுஞ்சாலையிற் செல்லும்போது பேவே நிலையம் இன்றும் இயங்கிக்கொண்டிருப்பதைத் தாம் கிழமைதோறும் காண்பதாகவும், எதைல் ஈயம் தயாரித்த கட்டடம் எங்கிருந்தது என்று அங்கு வேலை செய்யும் வாடிக்கையாளர் ஒருவரிடம் விசாரித்தபோது அவர் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றதாகவும் எழுதியிருந்தார். கலவை வழியையே அவர் தெரிந்திருக்கிறார். பம்பு போதும், இன்ஜெக்டர்கள் போதா. அவற்றை மாற்றும்வரை அமுக்கத்தை 2 மடங்குக்கு மேல் உயர்த்துவதில்லை என்று வாக்களித்துள்ளார்.